அத்தானின் காதிலிருந்த பீஸ்

டொக்டர் எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நான் அக்காவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மண்டையோடு தெரிந்தது. பல்வரிசை தெரிந்தது. கடைவாயில் என்றோ அடைத்த பல் ஒன்று வெள்ளை வெளேரென்று மின்னியது. காது இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் அடுப்புப் புகை மாதிரி ஒரு நிழல்.

"ஐயா, இதுல இரும்பு ஒண்ணும் இல்லைங்க," என்றார் டொக்டர். மலைநாட்டுப் பக்கத்துப் பிள்ளை. வயது முப்பதைத் தாண்டியிருக்காது.

என் அக்காவின் கணவர் பரமத்தான் கதிரையின் நுனிக்கு வந்தார். "வடிவாப் பாருங்கோ பிள்ளை. படம் எடுத்த தம்பி அவசரப்பட்டவர். நான் நிமிர முந்தியே 'சரி, போங்கோ' எண்டுட்டார்."

"பல்லுல அடைச்சது தெரியுதுங்களே. பீஸ் இருந்தா அதைவிட நல்லாத் தெரியும்."

"இது சின்னப் பீஸ்."

"சின்னதும் தெரியும் ஐயா."

"அப்ப உள்ளுக்கை எங்கையோ ஒளிச்சு நிக்குது."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சாருங்கோ, காதுக்குள்ளை எங்கை ஒளிக்கிறது? காதென்ன பத்தைக்காடே?"

டொக்டர் படத்தை மேசையில் வைத்துவிட்டுக் கையுறை போடத் தொடங்கினார். அத்தான் அந்தப் படத்தைத் தன் பக்கம் இழுத்து, தலைகீழாகவும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார்.

எல்லாம் பீஸ்தான்

வன்னிக்கு வெளியே இந்தப் பத்திரிகைத் தொடரை வாசிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். உடம்புக்குள் தங்கிவிட்ட செல்துண்டை, எறிகணைச் சிதறலை, நாங்கள் பீஸ் என்போம். எங்கள் பக்கத்தில் அது ஒரு அதிசயமில்லை. எந்த ஆசுபத்திரிக்குப் போனாலும் சீனி வருத்தம் இருக்கிறதா என்று கேட்பதோடு சேர்த்து, பீஸ் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். ஆட்கள் சீனிக்கு ஓம் என்பது போலவே பீஸுக்கும் ஓம் என்பார்கள்.

அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. உடம்பில் எங்கே எது தடித்தாலும் பீஸ் என்று முடிவு கட்டிவிடுவோம். பக்கத்து வளவு ஆசிரியர் ஒருவர் பிடரியில் இருந்த கொழுப்புக் கட்டியைப் பல வருடம் பீஸ் என்று மதித்து வந்தார். நானும் விதிவிலக்கில்லை. என் வலதுகைப் பெருவிரல் அடியில் ஒரு தடிப்பு இருக்கிறது. அதையும் ஒரு காலம் சந்தேகத்தோடு அமத்திப் பார்த்ததுண்டு. நான் தையல்காரி. இத்தனை வருடம் கத்தரிக்கோல் பிடித்த கையில் தடிப்பு வராவிட்டால்தான் அதிசயம் என்று பிறகு விளங்கியது.

பரமத்தானின் பீஸ் இவை எல்லாவற்றையும்விடப் புகழ் பெற்றது. அக்கராயனில் அதைத் தெரியாதவர் இல்லை. இடப்பெயர்வைப் பற்றி நான் எழுதிய ஒரு பகுதியிலும், 'காதில் செல்துண்டோடு அத்தான்' என்று ஒரு வரி வந்தது. அந்த வாரம் அவர் பத்திரிகையில் மேலதிகமாகச் சில பிரதிகள் வாங்கியதாகக் கடைக்காரர் சொன்னார்.

ஒரு காது, மூன்று கதை

நடந்தது இவ்வளவுதான். யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில், ஒரு பின்னேரம், நாங்கள் இருந்த தறப்பாள் கூடாரத்துக்குப் பக்கத்தில் செல் விழுந்தது. அத்தான் எங்கள் அம்மாவைப் பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், தள்ளிவிட்டுத் தானும் குதித்தார். பங்கருக்கு மேலே போட்டிருந்த பனங்குத்தி ஒன்று சரிந்தது. வெளியே வந்தபோது அவருடைய வலது காதால் இரத்தம் வடிந்தது. அக்கா சீலைத் தலைப்பால் கட்டிவிட்டார். யாரும் காதைத் திருப்பிப் பார்க்கவில்லை. அடுத்த இடத்துக்கு ஓடவேண்டியிருந்தது.

இது நான் கண்ணால் கண்டது. இனி அத்தான் சொல்வது.

முதலாவது கதையில் பீஸ் 'உய்ங்' என்று வந்து காதில் ஏறும். இரண்டாவதில் அவர் தலையைச் சற்றே சரிப்பதால் மண்டைக்குப் போகவேண்டியது காதுக்குப் போகும். மூன்றாவது கதை கலியாண வீடுகளுக்குரியது. அதில் அவர் கையில் கஞ்சிப் பானை இருக்கும். பானையில் ஒரு துளி சிந்தாது.

"அத்தான், போனமுறை பானை இல்லையே," என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"மச்சாள், நீ பங்கருக்குள்ளை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனி. உனக்குப் பானை எப்பிடித் தெரியும்?"

அதுவும் உண்மைதான். கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தேன்.

பாவற்காய்த் தோல்

மீள்குடியேறிச் சில காலம் கழித்துத்தான் அந்தக் காதில் ஒரு பருப்பளவு தடிப்பு வந்தது. காதின் மேல் வளைவில், தலையோடு ஒட்டுகிற பக்கம். அத்தான் மகிழ்ந்தார். பீஸ் வெளியே வரப் பார்க்கிறது என்றார்.

அது வெளியே வரவில்லை. பரவியது. மெதுவாக, ஒரு மாரிக்கும் அடுத்த மாரிக்கும் இடையில் கண்டும் காணாமலும் வளர்ந்தது. பருப்பு கடலையானது. கடலை, பாவற்காய்த் தோல் போல முள்ளுமுள்ளாகக் கரடு கட்டியது. மேலே மிளகுத்தூள் தூவியது போலக் கருப்புப் புள்ளிகள். அவ்வப்போது கடிக்கும், சொறிந்தால் கொஞ்சம் கசியும். நோவில்லை.

ஒருநாள் அவருக்குச் சட்டைக் கழுத்து அளவு எடுக்கும்போது, அளவுநாடா கையில்தானே இருக்கிறது என்று தடிப்பையும் அளந்தேன். ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு.

"அத்தான், இரும்பு வளருமோ?"

"இரும்பு வளராது. சுத்தியிருக்கிற சதை வளரும். விஞ்ஞானம் தெரியாட்டில் கதைக்கக்கூடாது."

விழுந்த குண்டூசிகளை வாரியெடுக்க என்னிடம் ஒரு காந்தம் இருக்கிறது. பழுதான ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. அதை எடுத்து அவருடைய காதில் வைத்தேன். ஒட்டவில்லை. கையை எடுத்ததும் அவருடைய மடியில் விழுந்தது.

அத்தான் அசரவில்லை. "இது பித்தளைப் பீஸ்," என்றார்.

துவாய்

சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. பிறகு அத்தான் தலையில் துவாய் கட்டத் தொடங்கினார். வயலுக்கு மட்டுமல்ல, சங்கக்கடைக்கும் கோயிலுக்கும் கட்டினார். வெய்யில் கூடிவிட்டது என்றார். மழை நாளிலும் கட்டினார்.

காரணம் எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. கோயிலில் பூசை முடிந்து ஐயர் பூக் கொடுக்கும்போது, பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து மற்றப் பக்கம் விட்டாளாம். அத்தான் வாங்கிய பூவைக் காதில் வைக்காமல் கைக்குள் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

காது தடித்தால் எங்கள் சனத்துக்கு உடனே நினைவு வருகிற நோய் ஒன்று இருக்கிறது. தொழுநோய் என்று பெயரைச் சொல்லமாட்டார்கள். 'பெரிய வருத்தம்' என்பார்கள்.

அத்தானுக்கும் அக்காவுக்கும் ஒரே மகள், நிரோஜா. முன்பள்ளி ஆசிரியை. ஒட்டுசுட்டானில் அவளுக்கு ஒரு கலியாண இடம் பேச்சுவார்த்தையில் இருந்தது. பெடியனும் ஆசிரியர். இருவருக்கும் ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கமாகி, பிறகு வீட்டுக்காரர் பேசத் தொடங்கியிருந்தார்கள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, நடுவில் நின்று பேசிய மாமி ஒருநாள் வந்து குசினி வாசலில் குந்தினார். தேத்தண்ணியைக் கையில் வாங்கியும் குடிக்கவில்லை.

"மலர், குறை நினையாதை. பொம்பிளையின்ரை தேப்பனுக்கு ஏதோ பெரிய வருத்தமாம் எண்டு பெடியன்ரை தாய்க்கு ஆரோ சொல்லிப்போட்டினம்."

அக்காவின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது.

முற்றத்திலிருந்து அத்தானின் குரல் வந்தது. "பீஸ் எண்டு சொல்லுங்கோ! செல் பீஸ்! ஊருக்கே தெரியும்."

"சொன்னனான் தம்பி. 'பீஸ் எண்டால் ஏன் மூடிக்கொண்டு திரியிறார்' எண்டு தாய் கேக்கிறா," என்றார் மாமி.

முற்றத்தில் அத்தான் துவாயை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

டொக்டரிடம் காட்டச் சொல்லி அக்கா அழுதார். நான் நியாயம் சொன்னேன். அவர் அசையவில்லை. கடைசியில் நிரோஜாதான் தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள். "அப்பா, நீங்கள் காதைக் கொண்டுபோய்க் காட்டாட்டில், அவையை வரவேண்டாம் எண்டு நானே சொல்லிப்போடுவன். பேந்து நானும் இஞ்சை இருந்து உங்களோடை துவாய் கட்டுறன்."

அடுத்த கிளினிக் நாளுக்கு வவுனியா பஸ்ஸில் ஏறினோம்.

அக்கா முன் சீற்றில் நித்திரை. அத்தான் பின்னால் என் பக்கத்தில் இருந்தார். மாங்குளம் தாண்டியதும் யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "மச்சாள், அதுதான் எண்டால் முதல் எனக்குச் சொல்லு. உன்ரை கொக்காவுக்கு நான் சொல்லுறன். பிள்ளைக்கு ஒருத்தரும் சொல்லவேண்டாம்."

'எது' என்று நான் கேட்கவில்லை. பித்தளைப் பீஸை அவரே எவ்வளவு காலமாக நம்பவில்லை என்பதுதான் எனக்கு அப்போது யோசனையாக இருந்தது.

பஞ்சும் முள்ளும்

இனி அந்த எக்ஸ்ரே படத்துக்குத் திரும்புகிறேன். டொக்டர் கையுறை போட்டுக்கொண்டிருந்தார் அல்லவா?

அவர் ஒரு பஞ்சுத் துண்டைத் திரித்து எடுத்தார். "ஐயா, கண்ணை மூடிக்கங்க. காதுல தொடுறப்ப ஓம்னு சொல்லுங்க."

அத்தான் கண்ணை இறுக்கி மூடினார்.

"ஓம்," என்றார்.

"இன்னும் தொடலைங்க."

"சரி."

டொக்டர் பஞ்சைக் கிட்டக் கொண்டுபோனார்.

"ஓம்!"

"ஐயா, தொடவே இல்லைங்களே."

அந்த நோய் தோலின் உணர்வைக் கொண்டுபோகும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. யாரிடமோ கேட்டிருக்கிறார். ஒன்றையும் தவறவிடக்கூடாது என்பதற்காக முந்திக்கொண்டு ஓம் போட்டார். நான் சிரித்துவிட்டேன். அக்கா என்னைக் கிள்ளினார்.

மூன்றாம் முறை டொக்டர் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். பிறகு மெல்லத் தொட்டார்.

"ஓம்," என்றார் அத்தான், இந்தமுறை சின்னக் குரலில். தொடத் தொட, விட விட, ஒன்றையும் தவறவிடாமல் சரியாகச் சொன்னார்.

"உணர்ச்சி நல்லா இருக்கு. நீங்க பயப்படுற அது மாதிரித் தெரியலைங்க. அதுவா இருந்தாலும் மருந்துக் குளிசையில சொகமாகிடும், பயப்பட ஒண்ணுமில்லை. இது வேற. கொஞ்சம் சுரண்டி, ஒரு துண்டு வெட்டி அனுப்பிப் பாக்கணும்." காதை மடித்துப் பின்பக்கம் பார்த்தவர் அப்படியே நின்றார். "ஐயா, இது என்னங்க?"

காதுக்கும் தலைக்கும் இடையிலிருந்து இரண்டு விரலால் எதையோ இழுத்தெடுத்தார். ஒன்றரை அங்குல நீளத் தேசிமுள், எலுமிச்சை முள்.

எங்களுக்கு அது புதினமில்லை. தச்சர் பென்சில் வைக்கிற இடத்தில் அத்தான் முள் வைப்பார். வயல் வரம்பிலும் காட்டுக்கரையிலும் வெறுங்காலோடு நடக்கிற மனிதருக்கு விடத்தல் முள் குத்தாத நாளில்லை. குத்தினால் அந்த இடத்திலேயே குந்தி, காதிலிருந்து தேசிமுள்ளை எடுத்து, காலைக் கிண்டி, துடைத்து, திரும்பக் காதில் வைத்துவிட்டு நடப்பார். தேசிமுள் முறியாது, ஊசி மாதிரித் துருப்பிடிக்காது என்பது அவர் கொள்கை. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து வலது காதில் முள் இருந்தது. அதனால் யாருமே அதைப் பார்ப்பதில்லை.

"எத்தனை வருசமா இங்க வைக்கிறீங்க?"

"கலியாணத்துக்கு முந்தி..." என்று தொடங்கிய அத்தான், தடிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் நினைத்தவர் போல வாயை மூடினார்.

அக்கா முள்ளைப் பார்த்தார். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். "இஞ்சாருங்கோ," என்றார் அமைதியாக, "இதுவோ உங்கடை பித்தளைப் பீஸ்?"

செப்புக்காசு

சில வாரங்களில் முடிவு வந்தது. பங்கசு. பள்ளிக்கூடத்தில் படித்தோமே, பழைய பாண் ரொட்டியில் பூக்கிற பூஞ்சணம், அந்த வகைதான். மண்ணிலும் உளுத்த மரத்திலும் முள்ளிலும் இருக்குமாம். தோல் கிழிந்த இடத்தால் உள்ளே போய், வருடக்கணக்காக ஆறுதலாக வளருமாம். காலிலும் கையிலும்தான் வழக்கமாக வரும், காதில் வருவது மிக அரிது என்றார் டொக்டர். ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றாது. இதை அக்கா மூன்றுமுறை கேட்டார். டொக்டரும் மூன்றுமுறை சொன்னார்.

அரிது என்ற சொல் அத்தானுக்குப் பிடித்தது. பூஞ்சணம் பிடிக்கவில்லை. "பாணிலை வாறதெல்லோ பிள்ளை?"

"அதுக்குச் சொந்தக்காரன் மாதிரிங்க."

"என்ரை காது என்ன, பழம் பாணோ?"

டொக்டர் அவரைத் தேற்ற நினைத்திருக்கவேண்டும். தன் தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். உருப்பெருக்கியில் பார்த்த அத்தானின் தோல். நடுவில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன வட்டங்கள், ஒட்டிக்கொண்டு கிடந்தன. "இதைக் கண்டாத்தான் நாங்க இந்த வருத்தம்னு உறுதியாச் சொல்லுவோம். செப்புக்காசு மாதிரி இருக்குதுன்னு சொல்லுவாங்க."

அத்தான் நிமிர்ந்தார். முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது.

"செம்போ? மச்சாள், கேட்டியே? செம்புக்குக் காந்தம் பிடியாது!"

திரும்பும்போது பஸ்ஸில் அந்தச் செம்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மாங்குளத்துக்குக் கிட்ட, இன்னொன்றும் கேட்டார். பங்கருக்குள் குதித்த அன்று காது கிழிந்ததே, உளுத்த பனங்குத்தியால் பூஞ்சணம் போயிருக்கலாம் அல்லவா? அதை அவர் டொக்டரிடமும் கேட்டிருக்கிறார். போயிருக்கலாம், முள்ளாலும் போயிருக்கலாம், இப்போது யாராலும் சொல்லமுடியாது என்று பதில்.

"அப்ப பீஸ் இல்லாட்டிலும் செல்தான்," என்றார் அத்தான். "செல் விழுந்தபடியால் குத்தி விழுந்தது. குத்தி விழுந்தபடியால் காது கிழிஞ்சது."

"முள்?" என்றேன்.

"முள்ளை ஒருபக்கம் வை."

பாண் வாசம்

குளிசை நீண்ட காலத்துக்கு. ஒரு வருடத்துக்கு மேலும் போகலாம் என்றார்கள். சாப்பாட்டோடுதான் போடவேண்டும். இடையிடையே இரத்தம் சோதிக்கவேண்டும். கிளினிக்குக்குப் போகும் நாட்களில் ஒரு குளிர்மருந்தைப் புகை பறக்கக் காதில் விசிறுவார்கள். அது காந்தி எரியும். அன்று பின்னேரம் அத்தானோடு யாரும் கதைக்கமுடியாது.

அக்காவுக்குப் பயம் தெளிந்துவிட்டது. பல மாதப் பயத்துக்கும் சேர்த்துப் பகிடி பண்ணத் தொடங்கினார். காலையில் பாண் வெட்டும்போது ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்து, "இஞ்சாருங்கோ, உங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு பாக்கிறன்," என்பார். ஊறுகாய்ப் போத்தல் திறந்தாலும் அதுதான். நிரோஜா சிரிப்பை அடக்கமுடியாமல் எழுந்து போய்விடுவாள். அத்தான் பாணை ஒதுக்கிவிட்டுப் பிட்டுக்கு மாறினார்.

தேசிமுள்ளுக்கு அக்கா தடை போட்டார். துவாயையும் பிடுங்கினார். கரடு மெல்லத் தட்டையாகத் தொடங்கியது. கருப்புப் புள்ளிகள் குறைந்தன. என்றாலும் தூரத்திலிருந்தே தெரியும் அளவுக்குக் காது இன்னும் விகாரமாகத்தான் இருந்தது. அந்த நிலையில்தான் ஒட்டுசுட்டானிலிருந்து செய்தி வந்தது. பெண் பார்க்க வருகிறார்கள்.

அத்தான் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு இருத்தினார். "கேட்டால் பீஸ். பூஞ்சணம் எண்ட கதை இந்த வளவைத் தாண்டக்கூடாது. பூஞ்சணம் பிடிச்ச வீட்டிலை ஆர் பொம்பிளை எடுப்பினம்?"

"பொய் சொல்லி என்னைக் கட்டிக்குடுக்கவேண்டாம் அப்பா," என்றாள் நிரோஜா.

"பொய்யில்லை. பாதி உண்மை."

"என்னட்டைக் கேட்டால் நான் முழுசாச் சொல்லுவன் அத்தான்," என்றேன்.

"உன்னட்டை ஆர் கேக்கப்போகினம்? நீ பலகாரத் தட்டோடை நில்."

வந்தவர்கள்

வந்தவர்கள் நான்கு பேர். பெடியன், தாய், தகப்பன், நடுவில் நின்ற மாமி. அத்தான் நான் தைத்த புதுச் சட்டையில், துவாய் இல்லாமல், வலது காதைச் சுவர்ப்பக்கமாக வைத்து இருக்கும்படி கதிரையை முதலே திருப்பிப் போட்டிருந்தார்.

பெடியனின் தகப்பன் மெலிந்த மனிதர். அதிகம் பேசாதவர். வாசலில் செருப்பைக் கழற்றவே நேரமெடுத்தது. ஒரு காலை மடிக்காமல் நீட்டியபடியே கதிரையில் இருந்தார். அக்கா சின்ன வாங்குப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து காலுக்கு வைத்தார்.

"இவருக்குத் தொடையிலை பீஸ் இருக்குது," என்றார் தாய். "எலும்போடை நிக்குதாம், எடுக்கேலாது எண்டுட்டினம். முழங்கால் மடியாது."

"சரி, விடும்," என்றார் அவர். "மழைக்குக் கொஞ்சம் நோகும். வேறை ஒண்டுமில்லை." பலகாரத் தட்டைப் பார்த்து, "இது பயத்தம்பணியாரமோ?" என்று கேட்டு ஒன்றை எடுத்துக் கடித்தார்.

அவ்வளவுதான் அவருடைய கதை. உய்ங் என்று ஒன்றும் வரவில்லை. பானை இல்லை.

நான் அத்தானைப் பார்த்தேன். அவருடைய வாய் சற்றுத் திறந்திருந்தது.

பெடியனின் தாய் வந்த காரியத்தை மறக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணை, நேராக் கேக்கிறன், குறை நினையாதையுங்கோ. உங்கடை காதுக்கு என்ன?" என்றார்.

உள்ளே நிரோஜாவின் வளையல் சத்தம் நின்றது. மாமி நிலத்தைப் பார்த்தார். அத்தானுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. இரண்டு பீஸ்காரர் நேருக்கு நேர். ஒரு சொல் போதும்.

அவருடைய பார்வை வாங்கின் மேல் நீண்டிருந்த அந்தக் காலில் ஒருமுறை போய் வந்தது. பிறகு கதிரையோடு திரும்பி, வலது காதை வெளிச்சத்துக்குக் காட்டினார்.

"பூஞ்சணம்," என்றார்.

"என்ன?"

"பூஞ்சணம் தங்கச்சி. பாணிலை வருமே, அதின்ரை சொந்தக்காரன். காதிலை முள்ளு வைக்கிற பழக்கம், அதாலை வந்திருக்கலாமாம். நீங்கள் கேள்விப்பட்ட வருத்தமில்லை. ஆருக்கும் தொத்தாது. டொக்டர் எழுதின துண்டு இருக்கு, வாசிச்சுப் பாருங்கோ. குளிசை போடுறன். மாறும், ஆனால் கனகாலம் எடுக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: "ஊருக்குப் பீஸ் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். பீஸ் இல்லை."

பெடியனின் தகப்பன் பணியாரத்தை மென்று விழுங்கி, "காதிலை முள்ளு வைக்கிறது நல்ல ஐடியாதான்," என்றார். "காணியைப் பாப்பமோ?"

பின்வளவு

இருவரும் பின்வளவால் வரம்புக்கு இறங்கினார்கள். சம்பந்தியாகப் போகிறவர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார். நாங்கள் பெண்கள் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பெடியனின் தாய் டொக்டரின் துண்டை இரண்டாம் முறையாக வாசித்துக்கொண்டிருந்தார்.

வேலிக்குக் கிட்டப் போனதும் பெடியனின் தகப்பன் சட்டென்று நின்று ஒரு காலைத் தூக்கினார். விடத்தல் முள். மடியாத கால் அதுதான். குனிந்து எடுக்க அவரால் முடியாது.

அத்தான் உடனே வரம்பில் குந்தினார். அவரைப் பூவரசில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நீட்டிய காலைத் தன் தொடையில் தூக்கி வைத்தார். மற்றவரின் வேட்டி சற்று விலகியது. தொடையில் குழியாகக் கிடந்த தழும்பை அத்தான் பார்ப்பது எங்களுக்குத் தெரிந்தது. அவருடைய கை வழக்கம்போல வலது காதுக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. கை அந்தரத்தில் நின்றது.

பிறகு இடது காதுக்குப் போய், ஒரு தேசிமுள்ளோடு திரும்பி வந்தது.

"ஐயோ, இந்த மனிசன்!" அக்கா நெற்றியில் அடித்தார். "கேட்டால், வலது காதுக்குத்தானே வேண்டாம் எண்டவை எண்டு சொல்லும், பாருங்கோ!"

பெடியனின் தாய் துண்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அத்தான் பக்குவமாகக் கிண்டி, முள்ளை எடுத்து, குதிகாலை விரலால் அமத்திப் பார்த்தார். எழும்பித் தேசிமுள்ளைத் துடைத்துக் காதுக்குக் கொண்டுபோனவர், வாசலில் நின்ற எங்களைக் கண்டுவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் முள்ளைப் பிடித்தபடி நின்றார்.

"எறியாதையுங்கோ," என்றார் மற்றவர், காலை ஊன்றிப் பார்த்தபடி. "கலியாணத்தண்டைக்குக் கோயில் வீதியிலை வெறுங்காலோடைதானே நடக்கவேணும்."

கலியாணம் என்ற சொல்லை அன்றைக்கு முதலில் சொன்னவர் அவர்தான்.

அத்தான் பீஸ் கதையைப் பிறகு சொல்லவில்லை. கேட்பவர்களுக்குப் பூஞ்சணக் கதை சொல்கிறார். அதில் இப்போது செப்புக்காசு வருகிறது, அது ஆளுக்காள் பெரிதாகிறது. காது முக்கால்வாசி தட்டையாகிவிட்டது. இதை எழுத அனுமதி கேட்டபோது, "எழுது. ஆனால் வலது காது எண்டு சரியா எழுது," என்றார்.

தேசிமுள்ளை அக்கா என் தையல்மேசைக்கு நாடு கடத்தினார். ஊசி குத்தும் பஞ்சில், குண்டூசிகளுக்கு நடுவில் நிற்கிறது. பஞ்சு தட்டுப்பட்டு எல்லாம் கொட்டுண்டால் காந்தத்தால் வாருவேன். ஊசிகள் எல்லாம் வந்துவிடும். முள் நிலத்திலேயே கிடக்கும். குனிந்து, கையால் எடுத்து, திரும்பக் குத்தி வைப்பேன்.